முன்னால் வந்தவள்

மன்னி இரண்டு கைகளாலும் தன் இடுப்பைத் தட்டிக்கொள்வாள். படபடவென்று, விடாமல், ரொட்டி தட்டுகிற வேகத்தில். அப்போது அவள் தலையில் ஹெல்மெட், அதன் மேல் நட்சத்திரம் தைத்த துணி உறை, முழங்காலில் தேங்காய் மூடி போன்ற கவசம், காலில் நான்கு சக்கர ஸ்கேட். ஓடிக்கொண்டே, வியர்வை வழியும் முகத்தைத் திருப்பி, பாதையின் நடுவில் நிற்கும் என் அண்ணாவைப் பார்த்துத் தட்டுவாள். அண்ணா விசிலை வாயில் வைத்து ஊதுவான். கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் வேகத்தைக் குறைத்து நின்றுவிடுவார்கள். அந்தக் கணத்தில் மன்னியின் முகத்தில் ஒரு நிறைவு வரும். நான் சொன்னேன், நின்றது என்கிற நிறைவு. எங்கள் குடும்பத்துப் பெண்கள் யாருக்கும் அது கிடைத்ததில்லை. எனக்கும் இந்த வயது வரை கிடைக்கவில்லை.

இப்போதும் அவள் தட்டுகிறாள். டாக்குரியாவில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் என் பிறந்த வீட்டில், ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாங்கிப் போட்டு அதில் அவளைப் படுக்க வைத்திருந்தோம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் மிச்சம். அந்தக் கைதான் இடுப்பைத் தட்டும். டாலிகஞ்சில் இருக்கும் என் வீட்டிலிருந்து தினமும் சாயங்காலம் ஆட்டோ மாறிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததை எங்காவது இறக்கி வைக்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

மன்னி கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவள். அவள் அப்பா ரயிலில் கார்டாக இருந்தார். காலனியில் ஊழியர்களுக்கென்று ஒரு பெரிய கூடம், வெள்ளைக்காரன் நடனமாடுவதற்காகப் போட்ட மரத்தளத்தோடு. வெள்ளைக்காரனும் போய் நடனமும் போனபின், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தளத்தில் பிள்ளைகள் ஸ்கேட்டிங் போனார்கள். ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் விட்டுப்போன ஸ்கேட் மன்னியின் காலுக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தியதாம். அன்றைக்கே தன் பெண்ணின் தலையெழுத்து தீர்மானமாகிவிட்டது என்று அவள் அப்பா சொல்லிச் சிரிப்பார். நாங்கள் பெண் பார்க்கப் போனபோது நான் பள்ளிக்கூடத்துப் பெண். கேசரி, பஜ்ஜியெல்லாம் ஆனபின் அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டாள்: "பாடத் தெரியுமோன்னோ?" மன்னி தலையைக் குனியாமல் பதில் சொன்னாள். "பாட்டு வராது மாமி. ஸ்கேட்டிங் வரும்." அவள் அப்பாவுக்கு உடனே இருமல் வந்துவிட்டது. அண்ணா சிரித்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. திரும்பி வரும் ரயிலில் அம்மா சொன்னாள்: "கல்யாணமானா எல்லாம் விட்டுடும்டா. வீணை கத்துண்டவாளே விட்டுடறா."

விடவில்லை. சீர்ப் பாத்திரங்களோடு ஸ்கேட் பெட்டியும் தையல் மிஷின் எண்ணெய் டப்பாவும் வந்தன. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் விடிகாலையில் சக்கரச் சத்தம் கேட்கும். கீழ்த்தளத்து வங்காளி மாமா நல்லவர். கோபித்துக்கொள்ளாமல் கிண்டல்தான் செய்வார். டாக்குரியா ஸ்டேஷனில் நேரத்துக்கு வராத ரயில் உங்கள் மாடியிலாவது வருகிறதே என்பார். தெருவில் எல்லோருக்கும் அவள் பௌதி, அதாவது மன்னி. ஸ்கேட்டிங் பௌதி என்றால் கரியாஹாட் பூக்காரர் வரைக்கும் தெரியும். "காலில் சக்கரம் கட்டிண்டவன்னு சும்மாத்தான் சொல்லுவா. எனக்கு வாச்ச நாட்டுப்பெண் நெஜமாவே கட்டிண்டிருக்கா" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் அலுத்துக்கொள்வாள். அந்த அலுப்பில் கொஞ்சம் பெருமையும் உண்டு என்று எனக்குத் தெரியும். அண்ணாவுக்கும் மன்னிக்கும் குழந்தை பிறக்கவில்லை. உறவுக்காரர்கள் சிலர் பழியை ஸ்கேட் மேல் போட்டபோது, அவர்களுக்கு வாசலைக் காட்டி அனுப்பிவைத்தது அம்மாதான்.

ரோலர் டெர்பி என்கிற இந்தச் சக்கர ஆட்டம் எங்கள் ஊருக்கு ஒரு பள்ளிக்கூட கேம்ஸ் டீச்சர் மூலமாக வந்தது. கணவரோடு சில வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய வங்காளிப் பெண். அங்கே பெண்கள் இந்த ஆட்டம் ஆடுவதைப் பார்த்துவிட்டு, இங்கே ஏன் ஆடக்கூடாது என்று ஆள் தேட ஆரம்பித்தார். ஒரு நர்ஸ், டாலிகஞ்ச் ஸ்டுடியோவில் கூட்டத்தோடு ஆடும் இரண்டு பெண்கள், சில காலேஜ் மாணவிகள், அப்புறம் எங்கள் மன்னி. சின்ன வயதிலிருந்து சக்கரத்தில் நின்று பழகியவள் மன்னி ஒருத்திதான்; வயதிலும் அவள்தான் மூத்தவள். எங்களுக்குத் தெரிந்தவரை இந்த ஊரில் பெண்கள் டெர்பி அணி என்று ஒன்று அதற்கு முன் இருந்ததில்லை. அந்த அணிக்கு முதல் ஜாமர் அவள்தான்.

ஜாமர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். முட்டை வடிவத்தில் ஒரு பாதை, இரண்டு அணி. ஒவ்வோர் அணியிலும் ஒருத்தியின் தலையில் மட்டும் நட்சத்திரம் இருக்கும், அவள்தான் ஜாமர். மற்றவர்கள் தோளோடு தோள் ஒட்டி மதில் போல நிற்பார்கள். அந்த மதிலைத் தோளாலும் இடுப்பாலும் முட்டி மோதிக் கடந்து ஜாமர் வெளியே வரவேண்டும். வந்து, சுற்றி ஓடி, மறுபடியும் எதிரணிக்காரிகளைத் தாண்டினால் தாண்டிய தலைக்கு ஒரு புள்ளி. ஒரு சுற்று இரண்டு நிமிடம் வரை போகலாம். ஆனால் இரண்டு ஜாமர்களில் மதிலை முதலில் கடந்தவளுக்கு ஒரு சலுகை உண்டு. தனக்குப் புள்ளி கிடைத்ததும், பின்னால் வருகிறவள் புள்ளி எடுப்பதற்கு முன், அவள் ஆட்டத்தை நிறுத்திவிடலாம். அதற்கு நடுவரைப் பார்த்து இரண்டு கைகளாலும் இடுப்பைத் தட்டவேண்டும். மற்றவள் என்ன தட்டினாலும் நடுவர் கவனிக்க மாட்டார். மன்னி இதை எனக்கு விளக்கியபோது சொன்ன வார்த்தை மனதில் அப்படியே நிற்கிறது. "முன்னாடி வந்தவளுக்குக் கப்பு கிப்பு ஒண்ணும் கிடையாதுடி. எப்ப நிறுத்தணும்னு சொல்ற பாத்தியதை அவளுக்கு. அதைவிடப் பெரிசா என்ன வேணும்?"

ஓடுவதற்கு இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. மைதானங்களைக் கிரிக்கெட் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் கேம்ஸ் டீச்சருக்குத் தெரிந்தவர் ஒருவர், கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் தன் கூடத்தைத் தந்தார். வழவழப்பான மொசைக் தரை. ஆனால் வங்காளிகள் கல்யாணம் செய்யாத மாதங்களில் மட்டும்தான் அது காலியாக இருக்கும்: பாத்ரோ, பௌஷ், சைத்ரோ. அதனால் ஊரில் எது சுபமில்லாத மாதமோ அதுதான் எங்கள் டெர்பி மாதம். பஞ்சாங்கத்தைப் பார்த்து மன்னி குதூகலிப்பாள். "மார்கழி பொறந்தாச்சு, இனி யாரும் தாலி கட்ட மாட்டா, நாம சக்கரம் கட்டலாம்" என்பாள். கரியாஹாட் நடைபாதைக் கடையில் கலர் டேப் வாங்கி வந்து தரையில் முட்டை வடிவம் ஒட்டுவோம். நட்சத்திர உறையைத் தைத்துக் கொடுத்த தையல்காரர், எந்த நாடகத்துக்கு என்று கேட்டார்.

இந்தப் பஞ்சாங்க ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. வங்காளிகளின் பாத்ரோ மாதம் நமக்கு ஆவணி. அவர்களுக்கு ஆகாத மாதம் நமக்கு முகூர்த்த மாதம். என் கல்யாணம் ஆவணியில் நிச்சயமானபோது, ஊரில் எல்லாக் கூடமும் காலியாகக் கிடக்கிறதே என்று அப்பா சந்தோஷமாக ஒன்றைப் பேசி முடித்துவிட்டு வந்தார். அது மன்னியின் கூடம். அன்றைக்குத்தான் அவர்கள் முதன்முதலாக வெளியாட்களை அழைத்து ஆடிக்காட்டுவதாக இருந்தது. மன்னியே டீச்சரிடம் போய்ச் சொன்னாள். ஆட்டத்தைத் தள்ளிப் போட்டார்கள். அவசரத்தில் தரையில் ஒட்டிய டேப்பைப் பாதிதான் உரித்திருந்தார்கள். அந்த முட்டை வடிவத்துக்கு உள்ளே மணை போட்டு, அக்னி வளர்த்து எனக்குக் கல்யாணம் நடந்தது. டெர்பியில் எப்போதும் இடப்புறமாகத்தான் சுற்றி ஓடுவார்கள். நாங்கள் கைபிடித்து அக்னியை வலம் வந்தபோது, வேஷ்டியையும் புடவையையும் சேர்த்துப் போட்ட முடிச்சு அவிழாமல் பார்த்துக்கொண்டு பின்னால் வந்த மன்னி என் காதில் சொன்னாள்: "தப்பான பக்கம் ஓடறேடி. பெனால்டி வாங்கப் போறே." மணமேடையில் நான் சிரித்ததை என் மாமியார் வீட்டில் நெடுநாள் சொல்லிக் காட்டினார்கள்.

அண்ணா நடுவரான கதை தனி. அவன் பாங்கில் அதிகாரி. சட்டம் என்றால் சட்டம் என்று இருப்பவன். பயிற்சி முடிந்து மன்னியை அழைத்துப் போக வந்தவனை, சும்மா நிற்கிறாரே என்று டீச்சர் நடுவில் நிறுத்தி விசிலைக் கையில் கொடுத்தார். ஒரு மாதத்தில் விதிப்புத்தகம் முழுவதும் அவனுக்கு மனப்பாடம். ஆபீஸ் பீரோ சாவியைப் பூணூலில் முடிந்துகொள்கிற பழக்கம் அவனுக்கு. விசிலையும் அதிலேயே முடிந்துகொண்டான். சந்தியாவந்தனம் பண்ணும்போது மார்பில் விசில் ஆடுவதைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். நடுவராக அவன் வைத்த சட்டங்களில் ஒன்று, ஒற்றைக் கையால் தட்டினால் செல்லாது என்பது. நழுவுகிற அரைக்கால் சட்டையை இழுத்துவிடக்கூட ஒருத்தி கையை இடுப்புக்குக் கொண்டுபோவாளே, எதை நம்புவது என்பான். ஒருமுறை மன்னிக்கு வலது முழங்கையில் அடி. கையைத் தூக்க முடியவில்லை. முன்னால் வந்தவள் அவள்தான். இடது கையால் மட்டும் தட்டினாள், தட்டினாள், தட்டிக்கொண்டே ஓடினாள். அண்ணா விசில் ஊதவில்லை. அதற்குள் எதிரணிக்காரி புள்ளிகளை அள்ளிவிட்டாள். பெண்களெல்லாம் அவனோடு சண்டைக்குப் போனார்கள். மன்னி மூச்சு வாங்கிக்கொண்டே அவர்களைத் தடுத்தாள். "அவர் பண்ணினது சரி. ஆம்படையாளுக்கு ஒரு ரூல், அடுத்தவாளுக்கு ஒரு ரூலா?" அன்று இரண்டு பேரும் ரிக்‌ஷாவில் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

எனக்கும் அவள் சக்கரத்தில் நிற்கக் கற்றுக்கொடுத்தாள், நான் தேறவில்லை. ஆனால் விழக் கற்றுக்கொடுத்தாள். விழுவதுதான் முதல் பாடம். "பின்பக்கம் சாயாதே. முன்னாடி, முழங்கால்ல, சின்னதா விழு. விழுந்த உடனே விரலையெல்லாம் மடக்கி உள்ளே இழுத்துக்கோ. இல்லேன்னா பின்னாடி வரவ ஏறிண்டு போயிடுவா." அவள் விழுந்து எழுந்திருப்பதைப் பார்க்கவே அழகாக இருக்கும். ரப்பர் பந்து கூட அப்படி எழுந்திருக்காது.

அவர்கள் ஊருக்கு வெளியே போய் ஆடியது ஒரே ஒருமுறை. வடக்கே ஒரு ஊரில் ஸ்கேட்டிங் போட்டி. பெண்கள் டெர்பி என்று ஒரு பிரிவே அங்கே கிடையாது. டீச்சர் எழுதி எழுதிக் கேட்டதில், ஆண்கள் பந்தயங்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் ஆடிக்காட்ட அனுமதித்தார்கள். எதிர்த்து ஆட வேறு அணி இல்லாததால் எங்கள் பெண்களே இரண்டாகப் பிரிந்துகொண்டார்கள். அம்மாவும் நானும்கூட ரயிலேறிப் போயிருந்தோம். மைக்கில் ஒருவர், அடுத்து மகளிரின் சக்கர நடனம் என்று அறிவித்தார். மன்னி மதிலைப் பிளந்துகொண்டு வெளியே வந்தாள், தோளில் இடி வாங்கினாள், விழுந்தாள், எழுந்தாள். அம்மா தன்னை மறந்து எழுந்து நின்று, "தட்டுடி! இடுப்பைத் தட்டுடி, போறும்!" என்று தமிழில் கத்தினாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மொத்தமே கொஞ்சம் பேர்தான். அதிலும் பாதிப் பேர் சமோசா வாங்கப் போயிருந்தார்கள். ஆடி முடித்ததும் பங்கேற்றதற்காக ஆளுக்கொரு ஸ்டீல் டிபன் டப்பா கொடுத்தார்கள். மறுநாள் பேப்பரில் ஒரு வரி இல்லை. மன்னி அந்த டப்பாவில்தான் கடைசி வரைக்கும் அண்ணாவுக்கு மோர்சாதம் கட்டிக்கொடுத்தாள்.

அதன் பிறகு எல்லாம் இறக்கம்தான். முன்னோடி என்றால் பின்னால் யாராவது வரவேண்டும். மன்னிக்குப் பின்னால் யாரும் வரவில்லை. கூடத்தை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். காலேஜ் பெண்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் வேலைக்குப் போனார்கள். நர்ஸ் அரபு நாட்டுக்குப் போனாள். ஸ்டுடியோ பெண்களில் ஒருத்திக்குக் கால் முறிந்து பிழைப்பே போயிற்று. அவள் புருஷன் எங்கள் வாசலில் வந்து நின்று மன்னியைத் திட்டிவிட்டுப் போனான். டீச்சர் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். மன்னி கொஞ்ச நாள் ஒரு குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் குழந்தைகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்தாள். கார்களில் கீறல் விழுகிறது என்று அதையும் நிறுத்தச் சொன்னார்கள். ஒருநாள் ஸ்கேட்டைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பெட்டியில் வைத்துப் பரண் மேல் ஏற்றிவிட்டாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. "நான்தானே தட்டினேன்? யாரும் என்னை நிறுத்தலையே?" என்றாள். அது உண்மையில்லை. எல்லோரும் சேர்ந்துதான் அவளை நிறுத்தினார்கள். கடைசிச் சொல்லாவது தன்னுடையதாக இருக்கட்டும் என்று அப்படிச் சொல்லிக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

போன வருஷம் பொங்கல் கழிந்த வாரம், சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது அவள் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. விழத் தெரிந்தவள், அன்றைக்குப் பின்பக்கமாகச் சாய்ந்து, மண்டை தரையில் மோத விழுந்தாள். ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தங்கியது. மற்ற எதுவும் தங்கவில்லை. மூக்கில் குழாய் போட்டு அதன் வழியாகக் கஞ்சி. வலது கை விரல்கள் உள்பக்கமாக மடங்கி இறுகிவிட்டன, விழுந்தவுடன் மடக்கிக்கொள் என்று அவளே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி. அடிக்கடி நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வரும். உடனே ஆம்புலன்ஸ், ஐசியூ, தொண்டையில் குழாய். பிழைத்துத் திரும்பி வருவாள். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் குறைந்து வருவாள். ஒருமுறை டாக்டர் எங்களைத் தனியே உட்கார வைத்துச் சொன்னார்: இனிமேல் காய்ச்சல் வந்தால் இங்கே கொண்டுவந்து படுத்த வேண்டியதில்லை. வலியில்லாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு நாங்கள் வழி சொல்கிறோம், முடிவு குடும்பத்தினுடையது. அண்ணா எழுந்துவிட்டான். "நீங்க வைத்தியம் பண்ணுங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகுதான் அந்த இடது கை தட்ட ஆரம்பித்தது. பகல் முழுவதும் அவளைப் பார்த்துக்கொள்ளும் மாஷி, பௌதிக்குத் துணி மாற்றவேண்டும் போல என்று நினைத்துப் போர்வையை விலக்கிப் பார்ப்பாள், உலர்ந்திருக்கும். பிசியோதெரபிப் பெண் கைதட்டி மகிழ்ந்து, அசைவு வருகிறது, தினமும் இரண்டு வேளை பயிற்சி கொடுக்கலாம் என்றாள். டாக்டர், அது அர்த்தமில்லாத அனிச்சை அசைவாக இருக்கலாம் என்றார். இருக்கலாம். ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். நான் தனியாக இருக்கும்போது அவள் தட்டுவதில்லை. மாஷி மட்டும் இருந்தாலும் தட்டுவதில்லை. அண்ணா அறைக்குள் வந்தால், அவன் முகம் தெரிகிற இடத்தில் நின்றால், கண்ணை அவன்மேல் வைத்துக்கொண்டு தட்டுவாள். அண்ணா பூரித்துப்போவான். "என்னைக் கண்டா எப்படித் துடிக்கறா பாரு" என்பான். அந்தக் கையைப் பிடித்து முத்தம் கொடுப்பான். கை விடுபட்டதும் மறுபடி இடுப்புக்குப் போகும்.

நான் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் சமையலறையில் அவனிடம் கேட்டேவிட்டேன். "அண்ணா, அவ எதுக்குத் தட்டறான்னு உனக்கு நெஜமாவே தெரியலையா? எனக்கே தெரியறது. விசில் வெச்சிண்டு நின்னவன் நீ."

அவன் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை. வடிகட்டி முடித்து, கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் பேசினான். "ஒரு கையாலதானே தட்டறா? ஒத்தைக் கையால தட்டினா செல்லாது. அவளே ஒத்துண்ட ரூல் அது."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. அவனை நான் எப்படித் திட்டுவது? அவனுக்கு அவளைத் தவிர யார் இருக்கிறார்கள்? அவள் போனால் அவன் அந்த வீட்டில் யாருக்கு மாத்திரை கொடுப்பான், யாருக்குக் கஞ்சி வடிகட்டுவான்? ஆனாலும் கோபம் வந்தது. வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாத்திரங்களைத் தேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

போன வாரம் மறுபடி காய்ச்சல். நான் போனபோது அவள் மூச்சு கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. அண்ணா கட்டிலின் கால்மாட்டில் நின்று ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டிருந்தான். அவனையே பார்த்தபடி மன்னி தட்டினாள். நான் கட்டிலின் வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். மடங்கி இறுகிய அவள் வலது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினேன். இடது கை தட்டும்போதெல்லாம் அந்தக் கையையும் அவள் இடுப்பில் தட்டினேன். இரண்டு கைகளாலும். கனமான கை. மன்னி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவரைத்தானே பார்க்கவேண்டும், அவள் அண்ணாவைத்தான் பார்த்தாள். அவன் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினான். அவன் கை தானாகச் சட்டைக்குள் போய்ப் பூணூலைத் தேடியது. விசில் முடிந்திருந்த இடத்தில் இப்போது மருந்து அலமாரிச் சாவிதான் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டே நின்றான். போனில் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணா வங்க மொழியில் வீட்டு விலாசத்தைச் சொன்னான். ஸ்டேஷனுக்குப் பின்னால், சீக்கிரம் வாருங்கள் என்றான்.

இன்று பார்வை நேரத்தில் போயிருந்தோம். பைபாஸ் சாலையோரத்து ஆஸ்பத்திரி, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மன்னி. தொண்டைக் குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க அவள் இடது கையைக் கட்டிலின் கம்பியோடு துணிப்பட்டையால் கட்டியிருக்கிறார்கள். எல்லோருக்கும் செய்வதுதானாம். அவள் கண் திறந்திருந்தது. அண்ணா கண்ணாடிக்கு வெகு நெருக்கமாகப் போய் நின்றான். அவள் பார்த்தாள். கட்டின கை ஒருமுறை இழுத்துப் பார்த்தது, பட்டை விடவில்லை. விரல்கள் மட்டும் படுக்கை விரிப்பைத் தட்டிவிட்டு ஓய்ந்தன. பிறகு, ஒற்றைக் கை செல்லாது என்று சட்டம் பேசிய அந்த மனிதன், வெளியே வந்த நர்ஸ் பெண்ணை வழிமறித்து, கையைக் கூப்பாத குறையாகக் கேட்டான். கையை மட்டும் அவிழ்த்து விடம்மா, கொஞ்ச நேரம், நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

"நியோம் நேய், தாதா" என்றாள் அவள். அப்படி விதி இல்லை, அண்ணா என்று அர்த்தம். பாவம், நல்ல பெண்தான். தணிந்த குரலில்தான் சொன்னாள். வேண்டுமானால் டாக்டரிடம் நாளைக் காலையில் பேசுங்கள், இப்போது பார்வை நேரம் முடிந்துவிட்டது என்றாள். அண்ணா தலையாட்டினான். நான் அவன் தோளைத் தொட்டேன். அவன் திரும்பவில்லை. மன்னி கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அவன் பக்கம் திருப்பி, ஓடிக்கொண்டே பார்ப்பாளே, அதே பார்வை. தட்டக் கைதான் இல்லை.